சிலுவையின் ஏழு வார்த்தைகளும் ஐரோப்பியச் செவ்வியல் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனித வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆலயங்களில் தியானிக்கப்படும் ஏழு வார்த்தைகளை அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் கடந்த நான்கு நூற்றாண்டுகளில் பல படைப்புகளை இயற்றியிருக்கிறார்கள். அவற்றுள் நடுநாயகமாக நிற்பது ஆஸ்திரியரான யோசப் ஹைடன் (1732–1809) எழுதியது. எனவே இங்குள்ள விடைகளில் பெரும்பகுதி அவருடைய படைப்பைப் பற்றியதாகவும், எஞ்சியவை அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றைப் பற்றியதாகவும் அமைந்துள்ளன.

ஏழு வார்த்தைகள் எவை? அவை எங்கிருந்து எடுக்கப்பட்டவை?

எந்த ஒரு நற்செய்தி நூலிலும் ஏழும் சேர்ந்து காணப்படுவதில்லை. லூக்கா மூன்றையும், யோவான் மூன்றையும், மத்தேயுவும் மாற்குவும் பொதுவாக ஒன்றையும் பதிவு செய்திருக்கிறார்கள். வழிபாட்டு மரபில் அவை பின்வரும் வரிசையில் கோக்கப்பட்டுள்ளன. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்பது முதலாவது. உடன் அறையப்பட்ட கள்வனிடம், இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று கூறியது இரண்டாவது. தாயையும் அன்புச் சீடனையும் ஒருவரிடம் ஒருவர் ஒப்படைத்தது மூன்றாவது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறல் நான்காவது. "தாகமாயிருக்கிறேன்" என்பது ஐந்தாவது. "முடிந்தது" என்பது ஆறாவது. "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது ஏழாவது.

இவ்வரிசையை எல்லா இசையமைப்பாளர்களும் அப்படியே பின்பற்றினார்கள் என்று கொள்ள வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மாக்மில்லன் தம் படைப்பில் தாயிடம் சொன்னதை இரண்டாவதாகவும் கள்வனிடம் சொன்னதை மூன்றாவதாகவும் வைத்திருக்கிறார்.

ஏழு வார்த்தைகளை மூன்று மணி நேரம் தியானிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது?

அது ஐரோப்பாவில் தொடங்கியதன்று. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் லிமா நகரில் தொடங்கியது. அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருவான அலோன்சோ மெசியா (1655–1732), இயேசு சிலுவையில் தொங்கிய மூன்று மணி நேரத்தையும் ஒவ்வொரு வார்த்தையாகத் தியானித்துக் கழிக்கும் முறையை வகுத்தார். 1687 அக்டோபரில் லிமாவைப் பேரளவில் அழித்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்நகரில் எழுந்த தவ உணர்வோடு இவ்வழிபாட்டைத் தொடர்புபடுத்திக் கூறுவது மரபு. மத்தேயு நற்செய்தியில் இயேசு உயிர்விட்டதும் பூமி அதிர்ந்து கன்மலைகள் பிளந்தன என்று எழுதப்பட்டிருப்பதை, நிலம் அதிர்ந்ததை உடலால் அறிந்த ஒரு நகரத்து மக்கள் எவ்வாறு கேட்டிருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம்.

லிமாவிலிருந்து அவ்வழக்கம் ஸ்பானிய அமெரிக்கா முழுவதிலும், பின்னர் ஸ்பெயினிலும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலும் பரவியது. காலப்போக்கில் சீர்திருத்தத் திருச்சபைகளும் அதை ஏற்றுக்கொண்டன. இன்று தமிழ்நாட்டு ஆலயங்களில் ஏழு பேர் ஏழு வார்த்தைகளின்மீது செய்தி அளிக்க, இடையிடையே பாடல்கள் பாடப்படும் மும்மணி நேர ஆராதனையும் இதே மரபின் கிளைதான்.

ஹைடனிடம் இதை எழுதக் கேட்டவர் யார்? எதற்காகக் கேட்டார்?

ஸ்பெயினின் தென்கோடித் துறைமுகமான காதிஸ் அப்போது அமெரிக்க வணிகத்தால் செழித்திருந்தது. அங்கே "சாந்தா குவேவா", அதாவது திருக்குகை, என்ற சிற்றாலயம் உண்டு. அது ஈரடுக்குக் கொண்டது. நிலத்தடியில் பாடுகளின் தியானத்துக்கான எளிய, இருண்ட கூடம். அதற்கு மேலே நற்கருணைக்கான ஒளிமிக்க, ஓவியங்களால் அலங்கரிக்கப்பட்ட கூடம். மேற்கூடத்தின் ஓவியங்களில் மூன்று, பெரும் ஓவியரான பிரான்சிஸ்கோ கோயா வரைந்தவை. இவ்விரண்டையும் கட்டுவித்தவர், குடும்பச் செல்வத்தைப் பெருமளவில் வாரிசாகப் பெற்றிருந்த குருவான ஹோசே சாயென்ஸ் தே சாந்தா மரியா. அவர்தாம் புனித வெள்ளி வழிபாட்டுக்கு இசை வேண்டுமென்று, கண்டத்தின் மறுகோடியில் எஸ்தர்ஹாசி கோமகனின் பணியில் இருந்த ஹைடனுக்குச் சொல்லி அனுப்பினார். ஹைடன் 1786ஆம் ஆண்டையொட்டி அதை எழுதி முடித்தார். 1787ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அது வியன்னாவிலும் பான் நகரிலும் இசைக்கப்பட்டது.

ஹைடன் தம் வாழ்நாளில் காதிஸுக்குச் சென்றதே இல்லை. ஆயினும் 1801இல் அச்சான பதிப்பின் முன்னுரையில் அவ்வழிபாட்டை அவர் விவரித்திருக்கும் முறை மறக்கவொண்ணாதது. ஆலயத்தின் சுவர்களும் சன்னல்களும் தூண்களும் கறுப்புத் துணியால் மூடப்பட்டிருக்கும். நடுவில் தொங்கும் ஒரே ஒரு பெரிய விளக்குதான் அந்த இருளுக்கு ஒளி. நண்பகலில் கதவுகள் அடைக்கப்பட்டு, இசை தொடங்கும். ஆயர் பிரசங்க மேடையில் ஏறி ஏழு வார்த்தைகளுள் ஒன்றைச் சொல்லி, அதன்மீது உரையாற்றிவிட்டு இறங்கிவந்து பீடத்தின் முன் முழந்தாளிடுவார். அவர் அவ்வாறு முழந்தாளிட்டிருக்கும் இடைவெளியை நிரப்புவது இசையின் வேலை. பின்னர் ஆயர் இரண்டாம் முறை ஏறுவார், மூன்றாம் முறை ஏறுவார். ஒவ்வோர் உரைக்குப் பின்னும் இசை தொடரும்.

இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் ஹைடனின் படைப்பு விளங்கும். அது வார்த்தையை அறிவிக்க வந்த இசையன்று. வார்த்தை ஏற்கெனவே சொல்லப்பட்டு, விளக்கவும்பட்டுவிட்டது. கேட்டவர் அடுத்ததற்கு விரைந்து சென்றுவிடாமல், கேட்ட ஒன்றோடு பத்து நிமிடம் தங்கியிருப்பதற்கான நேரத்தைத் தருவதுதான் அவ்விசை. ஏழு வார்த்தைகளுக்கு இசையமைத்தவர்கள் பலர் இருந்தும், வார்த்தைக்குப் பின்வரும் மௌனத்துக்கு இசையமைத்தவர் ஹைடன் என்பதனால்தான் அவருடைய படைப்பை நான் எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கிறேன்.

ஏழு பகுதிகளும் மெதுவானவை என்றால் கேட்பவருக்குச் சலிப்புத் தட்டாதா?

இந்த அச்சம் ஹைடனுக்கே இருந்தது. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் நீளும் ஏழு அடாஜியோக்களை, அதாவது மெதுவான பகுதிகளை, கேட்பவரைச் சோர்வடையச் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாக அமைப்பது எளிய பணியாக இருக்கவில்லை என்றும், விதிக்கப்பட்ட நேர வரம்புக்குள் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வது கடினமாக இருந்தது என்றும் அதே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அக்காலத்துச் சிம்பொனியில் ஒரு மெதுவான பகுதியும், அதைச் சூழ்ந்து விரைவான பகுதிகளும் இருப்பதே வழக்கம். இங்கோ ஏழுக்கும் முன்னே வரும் தொடக்க இசையும் மெதுவானது. அதைத் தொடரும் ஏழும் மெதுவானவை. இறுதியில் வரும் நிலநடுக்கம் ஒன்றே விரைவானது.

அவர் கண்ட வழி, வேகத்தை மாற்ற இயலாத இடத்தில் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவது. டி, சி போன்ற எழுத்துகளால் குறிக்கப்படும் அடிப்படைச் சுருதியும், ஒளிமிக்க மேஜர், இருண்ட மைனர் என்ற நிறமும் பகுதிக்குப் பகுதி வேறுபடுகின்றன. தொடக்க இசை டி மைனரில் கடுமையாகப் புறப்படுகிறது. மன்னிப்பின் வார்த்தை பி ஃபிளாட் மேஜரில் கனிகிறது. பரதீசின் வார்த்தை சி மைனரில் புறப்படுகிறது. தாய்க்கான வார்த்தை ஈ மேஜரிலும், கைவிடப்பட்டவரின் கதறல் எஃப் மைனரிலும், தாகம் ஏ மேஜரிலும், "முடிந்தது" என்பது ஜி மைனரிலும், இறுதி ஒப்படைப்பு ஈ ஃபிளாட் மேஜரிலும் அமைகின்றன. கர்நாடக இசையில் விளம்ப காலத்திலேயே பல இராகங்களை அடுத்தடுத்துக் கேட்டுப் பழகியவருக்கு, வேகம் மாறாமலே உணர்வு மாறுவது புதிய அனுபவமாக இராது.

பாடுபவரே இல்லாத இசை ஒரு குறிப்பிட்ட வார்த்தையை எவ்வாறு உணர்த்த முடியும்?

ஒவ்வொரு பகுதியின் தொடக்க இன்னிசையும் அந்த வார்த்தையின் இலத்தீன் வடிவத்தைப் பாடுவது போலவே அமைக்கப்பட்டிருக்கிறது. முதல் பதிப்பில் முதல் வயலினுக்குரிய தாளில், ஸ்வரங்களின் கீழே அந்த இலத்தீன் சொற்களே அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே வாசிப்பவர் வார்த்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வில்லை இழுத்தார். வார்த்தையிலிருந்து பிறந்த அந்தச் சிறு இன்னிசை, அப்பகுதி முழுவதும் பிரிந்தும் நீண்டும், ஒளியிலும் இருளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே வசனத்தை மனத்துக்குள் பலமுறை சொல்லிச் செபிப்பவரின் நிலைக்கு இது மிக நெருங்கியது.

சில இடங்களைக் குறிப்பிட்டால் தெளிவாகும். இரண்டாம் வார்த்தையில், சி மைனரில் துயரத்தோடு வந்த அதே இன்னிசை, பின்னர் சி மேஜருக்கு மாறி முழுக்க வேறோர் ஒளியில் பாடுகிறது. கள்வனுக்குக் கிடைத்தது புதிய வாழ்க்கையன்று, அதே வாழ்க்கையின் இறுதி மணித்துளியில் திறந்த ஒரு கதவு என்பதை, இன்னிசையை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றி ஹைடன் சொல்லிவிடுகிறார். எனக்குத் தெரிந்தவரை இந்த வசனத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கவுரை இல்லை.

ஐந்தாம் வார்த்தை இன்னும் நுட்பமானது. மற்ற வாத்தியங்கள் வில்லை விடுத்து விரலால் தந்திகளை மீட்டி உலர்ந்த துளிகள் போன்ற ஒலியை எழுப்ப, அதன்மேல் வயலின் கீழ்நோக்கி இறங்கும் சில ஸ்வரங்களை மட்டும் ஒலித்துவிட்டு நின்றுவிடுகிறது. வறண்ட நாவால் ஒரே சொல்லைத்தான் சொல்ல முடியும். பின்னர் அந்த அமைதி உடைந்து, விடாது இடிக்கும் கடுமையான ஒலிகள் எழுகின்றன. தண்ணீர் கேட்டவருக்குக் காடி கொடுத்த கொடுமை அங்கே கேட்கிறது.

ஆறாம் வார்த்தை, எல்லா வாத்தியங்களும் ஒரே குரலில் உரத்து ஒலிக்கும் ஐந்து நீண்ட ஸ்வரங்களோடு தொடங்குகிறது. "கோன்சும்மாத்தும் எஸ்த்" என்ற இலத்தீன் தொடரின் ஐந்து அசைகளும் அந்த ஐந்து ஸ்வரங்களில் அமர்ந்திருக்கின்றன. அந்த ஐந்தும் பகுதி முழுவதற்கும் அடித்தளமாகின்றன. மேலே எவ்வளவு மென்மையான இன்னிசை பாடினாலும் அடியில் அவை நடந்துகொண்டே இருக்கின்றன. ஜி மைனரில் தொடங்கியது இறுதியில் ஜி மேஜரில் நிறைவடைகிறது. இதைத் தோல்வியின் முடிவாக ஹைடன் கேட்கவில்லை, நிறைவேறிய பணியாகவே கேட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. தம் கையெழுத்துப் படிகளை இறைவனின் பெயரால் தொடங்கி இறைவனுக்குப் புகழ் என்று முடிக்கும் வழக்கமுடையவரிடம் வேறு விதமான புரிதலை எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

ஏழாம் வார்த்தையில் வயலின்கள் மியூட் பொருத்தப்பட்டு, ஒலி மங்கியே தொடங்குகின்றன. இறுதியை நெருங்க நெருங்க இசை மெலிந்து, அடங்கிப்போகிறது.

அவ்வளவு அமைதிக்குப் பிறகு நிலநடுக்கம் எதற்கு? அது தியானத்தைக் குலைப்பதாகச் சிலர் கூறுகிறார்களே?

அது குலைப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஏழாம் பகுதி அடங்கிய கணத்தில், இடைவெளியின்றி "இல் தெரெமோத்தோ" என்ற இறுதிப் பகுதி சி மைனரில் வெடிக்கிறது. "மிக விரைவாக, முழு வலிமையோடு" என்பது ஹைடன் எழுதிய குறிப்பு. தாளம் இடம் தவறுவது போலத் தள்ளாடுகிறது. எல்லா வாத்தியங்களும் ஒரே குரலில் மோதுகின்றன. முடிவில் மூன்று முறை வலிமைக் குறி இடப்பட்டிருக்கிறது, இது அக்காலத்து இசைத்தாள்களில் மிக அரிது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தவர்களின் உடலை இரண்டு நிமிடங்களுக்குள் உலுக்கி எழுப்பிவிட்டு, அது சட்டென்று நிற்கிறது.

ஆறுதலான எந்த முடிவுரையையும் ஹைடன் சேர்க்கவில்லை. உயிர்ப்பைப் பற்றிய ஒரு சிறு குறிப்புக்கூட அதில் இல்லை. புனித வெள்ளியை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாகவே முடித்துவைக்கும் உரிமையை அவர் எடுத்துக்கொள்ளாதது அவருடைய பக்தியின் நேர்மை என்றே நான் கொள்கிறேன். காதிஸ் மக்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 1755 நவம்பர் முதல் நாளில் லிஸ்பனை அழித்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அவர்களுடைய நகரையும் தாக்கியிருந்தன. அந்த நிலத்தடிக் கூடத்தில் இவ்விசையைக் கேட்டவர்களுள் முதியவர்களுக்கு, அது வேதத்தில் படித்த செய்தி மட்டுமாக இருந்திருக்க முடியாது.

இதற்குப் பல வடிவங்கள் இருப்பதாகக் கூறப்படுகிறதே, எதைக் கேட்பது?

நான்கு வடிவங்கள் உள்ளன. முதலில் எழுதப்பட்டது இசைக்குழுவுக்கானது. 1787இலேயே அதை இரு வயலின், வியோலா, செல்லோ ஆகிய நான்குக்கான நால்வர் வடிவமாகவும் ஹைடன் அமைத்தார். இது ஓபஸ் 51 என்று எண்ணிடப்பட்டது. பியானோ போன்ற விசைப்பலகை வாத்தியத்துக்கு வேறொருவர் அமைத்த வடிவத்தை அவர் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தார். நான்காவது, சொற்களோடு பாடப்படும் ஒரத்தோரியோ வடிவம்.

ஒரத்தோரியோ பிறந்த விதம் வேறு வகையானது. இலண்டன் பயணத்தின்போது பாசாவ் நகரில் தங்கிய ஹைடன், அங்கே இசை இயக்குநராக இருந்த யோசப் ஃப்ரீபெர்ட் தம் படைப்புக்கு ஜெர்மன் சொற்களைச் சேர்த்துப் பாடகர் குழுவுக்கு அமைத்திருந்ததைக் கேட்டார். குரல்களை நானே இன்னும் சிறப்பாக அமைத்திருப்பேன் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. வியன்னா திரும்பியதும் இசைப் புரவலரான பாரன் வான் சுவீட்டனின் துணையோடு சொற்களைச் செப்பனிட்டு, 1796இல் புதிய வடிவத்தை அரங்கேற்றினார். ஐந்தாம் வார்த்தைக்கு முன்பாக, ஊதுகருவிகள் மட்டுமே ஒலிக்கும் ஏ மைனர் இடையிசை ஒன்றை அதில் புதிதாகச் சேர்த்தார். இருண்டு, குளிர்ந்து, எங்கோ தொலைவிலிருந்து வரும் இசை அது; அதற்காகவேனும் ஒரத்தோரியோவை ஒருமுறை கேட்க வேண்டும்.

இருப்பினும் என் தேர்வு நால்வர் வடிவமே. சொல்லின்றிச் சொல்லை நினைவில் நிறுத்துவதற்காக எழுதப்பட்ட இசையின்மீது மீண்டும் சொற்களை ஏற்றும்போது, கேட்பவர் தாமே நிரப்ப வேண்டிய இடம் பறிபோகிறது. நால்வர் வடிவத்தில் நிலநடுக்கத்தின் முழக்கம் குறையும் என்பது மெய்தான். ஆனால் ஏழு வார்த்தைகளும் அதில் மிக நெருக்கமாக ஒலிக்கின்றன. பழங்கால வாத்தியங்களில் வாசிக்கும் மொசைக் நால்வர் குழுவின் பதிவு இதற்கு நல்ல தொடக்கம். இசைக்குழு வடிவத்தை விரும்புவோர், ஜோர்தி சவால் தம் குழுவினருடன் காதிஸின் அதே சாந்தா குவேவாவில் பதிவு செய்ததைக் கேட்கலாம். ஒரத்தோரியோவுக்கு நிக்கோலாஸ் ஹார்னன்கூர்ட்டின் பதிவு உள்ளது.

ஹைடனுக்கு முன்பு இவ்வார்த்தைகளுக்கு இசையமைத்தவர் எவர்?

மிகச் சிறந்தவர் ஹைன்ரிக் ஷூட்ஸ் (1585–1672). ட்ரெஸ்டன் அரசவையில் பணியாற்றிய இந்த லுத்தரன் இசையமைப்பாளர், முப்பதாண்டுப் போர் (1618–1648) ஜெர்மனியைப் பாழாக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1645ஐ ஒட்டி இதை எழுதினார். போரினால் அரசவை இசைக்குழுவே சிதைந்து போயிருந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஐந்து குரல்களும் ஐந்து வாத்தியங்களும், அடியில் இடைவிடாது துணைநிற்கும் தொடரிசையும் மட்டுமே கொண்டு, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் ஏழு வார்த்தைகளின் வரலாற்றையும் சொல்லி முடிக்கிறார். தொடக்கத்திலும் இறுதியிலும் பாடற்குழு, அவற்றை அடுத்து உள்ளே ஒரே வாத்திய இசை இருமுறை, நடுவில் வரலாறு. கதை சொல்லும் நற்செய்தியாளரின் பகுதியை ஒருவருக்கே கொடுக்காமல் மாறிமாறிப் பல குரல்களுக்கு அளித்திருக்கிறார். இயேசுவின் வார்த்தைகளைப் பாடுவது உயர்ந்த ஆண்குரலான டெனர். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் இரண்டு வாத்தியங்கள் அவரோடு மேலெழுந்து அக்குரலைச் சூழ்கின்றன. பிறர் பேசும்போது அவை இல்லை.

பாக்கின் திருப்பாடுகளில் இவ்வார்த்தைகள் வருகின்றனவா?

வருகின்றன; ஆனால் ஜெர்மானிய இசையமைப்பாளரான யோகான் செபாஸ்டியன் பாக் நற்செய்தியின் முழுப் பாடுகளின் வரலாற்றுக்கும் இசையமைத்ததால், அந்தந்த நற்செய்தியில் உள்ளவை மட்டுமே இடம்பெறுகின்றன. 1727இல் லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் அரங்கேறியதாகக் கருதப்படும் மத்தேயுவின் திருப்பாடுகளில், இயேசு பேசும் ஒவ்வொரு முறையும் தந்தி வாத்தியங்கள் ஒளிவட்டம் போல அவருடைய குரலைச் சூழ்ந்து நிற்கின்றன. "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி" என்ற இடத்தில் மட்டும் அவை இல்லை. விளக்கம் எதுவும் தேவைப்படாத அந்த இல்லாமையைக் கேட்ட பிறகு, கைவிடப்படுதல் என்பதற்கு இசையில் இதைவிடத் தெளிவான வடிவம் இருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1724இல் அரங்கேறிய யோவானின் திருப்பாடுகளில் "முடிந்தது" என்ற வார்த்தையைத் தொடர்ந்து ஆல்டோ என்ற தாழ்ந்த மேற்குரலுக்கான ஏரியா, அதாவது தனிப்பாடல், ஒன்று வருகிறது. வியோலா த காம்பா என்ற பழைய தந்தி வாத்தியம் கீழிறங்கும் இன்னிசையோடு துணைநிற்க, குரல் தளர்ந்து பாடுகிறது. திடீரென்று நடுப்பகுதியில் யூதாவின் வீரர் வெற்றி கொள்கிறார் என்ற போர்முழக்கம் எழுந்து, மீண்டும் பழைய தளர்ச்சிக்கே அடங்கிவிடுகிறது.

பெர்கொலேசியும் ஏழு வார்த்தைகளுக்கு இசையமைத்தாரா?

சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றிய "ஸ்தாபாத் மாத்தெர்" என்ற இலத்தீன் பாடலுக்கு இசையமைத்த அந்த இத்தாலியர் (1710–1736) பெயரில் ஏழு வார்த்தைகளுக்கான கான்டாட்டாத் தொடர் ஒன்று, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த படைப்புகளின் தொடர், கையெழுத்துப் படிகளில் நிலவிவந்தது. அவர்தாம் ஆசிரியரா என்ற ஐயம் நீண்ட காலம் இருந்தது. அண்மைக்கால ஆய்வின் பின்னர் அதை அவருடையதாகவே பதிப்பித்தும், ரெனே யாகோப்ஸ் போன்றோர் பதிவு செய்தும் இருக்கிறார்கள். சிலுவையில் தொங்கும் கிறிஸ்து ஒரு குரலாகவும், கேட்கும் ஆன்மா மற்றொரு குரலாகவும் மாறிமாறிப் பாடுவது அதன் அமைப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறிப்பிடத்தக்கவை எவை?

பிரான்சில் பல உண்டு. ஷார்ல் கூனோ 1855இல் வாத்தியத் துணையின்றிக் குரல்களுக்கு மட்டும் எழுதினார். சேசர் ஃபிராங்க் 1859இல் எழுதியது அவர் காலத்தில் வெளிவராமல், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பகுதியில்தான் அறியப்பட்டது. தியோடோர் துபுவா 1867இல் எழுதியது இன்றும் புனித வாரத்தில் பல நாட்டு ஆலயப் பாடற்குழுக்களால் பாடப்படுகிறது. இனிமை மிகுந்தது, ஆயினும் அந்த இனிமை சில இடங்களில் சிலுவையை விட நாடக மேடைக்கு அருகில் சென்றுவிடுகிறது.

நம் காலத்தவர் எவரேனும் இதற்கு இசையமைத்திருக்கிறார்களா?

இருவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். முதலாமவர் சோஃபியா குபைதுலினா (1931–2025). சமய இசைக்கு இடமளிக்காத சோவியத் ஆட்சியில் வாழ்ந்துகொண்டே, 1982இல் செல்லோ, பயான் என்ற ரஷ்யப் பொத்தான் அக்கார்டியன், தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றுக்காக "ஏழு வார்த்தைகள்" என்ற படைப்பை அவர் எழுதினார். இதிலும் பாடுபவர் இல்லை. செல்லோ மகனாகவும், பயான் தந்தையாகவும், தந்திக் குழு தூய ஆவியாகவும் உருவகிக்கப்படுகின்றன. ஷூட்ஸின் படைப்பிலிருந்து "தாகமாயிருக்கிறேன்" என்ற இன்னிசையை எடுத்துத் தம் இசைக்குள் பதித்திருக்கிறார்; ஏறத்தாழ முந்நூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து அந்தத் தாகம் அப்படியே ஒலிக்கிறது. பயானின் துருத்தி, ஸ்வரமின்றி வெறும் மூச்சாக விம்முகிறது. இறுதியை நெருங்கும்போது செல்லோக் கலைஞரின் வில், தந்திகளைத் தாங்கும் குதிரையை நோக்கி நகர்ந்து நகர்ந்து, முடிவில் குதிரையைக் கடந்து அப்பாலுள்ள தந்திப் பகுதியில் உரசுகிறது. அங்கே வழக்கமான ஸ்வரம் பிறக்காது. மரணத்தைக் கடந்து செல்லுதலை ஒரு கையசைவாகவே ஆக்கிக் காட்டிய இடம் அது. இயலுமானால் ஒலிப்பதிவோடு நில்லாமல் காணொளியிலும் அதைப் பாருங்கள்.

மற்றவர் முன்னர்க் குறிப்பிட்ட ஜேம்ஸ் மாக்மில்லன். கத்தோலிக்கரான அவர் 1993இல் பாடகர் குழுவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய படைப்பை, 1994ஆம் ஆண்டின் புனித வாரத்தில் பிபிசி தொலைக்காட்சி இரவுக்கு ஒரு வார்த்தையாக ஏழு இரவுகள் ஒளிபரப்பியது. ஆறாம் வார்த்தையின் தொடக்கத்தில் தந்திகள் சம்மட்டி அடிகளாக விழுகின்றன. ஏழாம் வார்த்தையில் குரல்கள் முதலிலேயே ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துபோக, அதன்பின் தந்தி வாத்தியங்கள் மட்டுமே தனித்து நெடுநேரம் தொடர்ந்து, விட்டுவிட்டு வரும் மூச்சுகளாகத் தேய்கின்றன. ஹைடன் தம் இசைக்குத் தேர்ந்துகொண்ட அதே இடத்தை, வார்த்தை நின்ற பின்னர் உள்ள நேரத்தை, இவரும் கண்டுகொண்டிருக்கிறார்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பயிற்சியில்லாதவர் இதைக் கேட்டுப் பயன்பெற முடியுமா?

முடியும் என்று ஹைடனே எழுதியிருக்கிறார். 1787 ஏப்ரலில் இலண்டன் பதிப்பாளரான வில்லியம் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், இசையறிவு சிறிதும் இல்லாதவருடைய ஆன்மாவிலும் ஆழ்ந்த உணர்வை எழுப்பும் வகையில் ஒவ்வொரு வார்த்தையையும் வாத்திய இசையால் மட்டுமே வெளிப்படுத்தியிருப்பதாகக் கூறுகிறார். ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டுமென்று எண்ண வேண்டாம். காதிஸில் அவ்வாறு எவரும் கேட்கவில்லை. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் ஓர் உரையின் இடைவெளி இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, முதலில் அந்த வசனத்தை வேதாகமத்தில் வாய்விட்டு வாசித்து, சற்றுப் பொறுத்து, பின்னர் இசையைக் கேட்பது நல்லது. வேறு வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் இவ்விசை எதையும் தராது.

எங்கள் ஆலயத்தின் மும்மணி நேர ஆராதனையில் ஹைடனின் இசையைப் பயன்படுத்த முடியுமா?

அது அதற்கென்றே எழுதப்பட்டது. எனவே கச்சேரி அரங்கைவிட ஆராதனையில்தான் அது தன் இடத்தில் இருக்கும். படைப்புக்கு இப்போது காப்புரிமை இல்லை. நால்வர் வடிவத்துக்குத் தேர்ந்த நான்கு தந்திக் கலைஞர்கள் தேவை. அவர்கள் கிடைக்காத ஆலயத்தில், நன்கு வாசிக்கக்கூடிய ஒரே ஒருவர் விசைப்பலகை வடிவத்தைப் பியானோவில் வாசித்தால் போதும். தாளக் கருவியோ தானியங்கி ரிதமோ சேர்க்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, இசைக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே ஏழு செய்தியாளர்களும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ள முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சிய நேரம் செபத்துக்கும் சபையாரின் பாடல்களுக்கும் உரியது. இசை ஒலிக்கும்போது அறிவிப்பு, காணிக்கை, திரையில் படம் எதுவும் கூடாது. செய்தியாளர் தம் இருக்கைக்குத் திரும்பாமல், அந்தப் பத்து நிமிடமும் பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்தால் சபையும் அவரோடு நிலைகொள்ளும். இசைக்கலைஞர்களை ஆலயத்தின் முன்புறத்தில் அமர்த்தாமல் பின்புறத்திலோ மேல்மாடத்திலோ அமர்த்துங்கள். நிலநடுக்கப் பகுதி வரப்போகிறது என்பதை மட்டும் ஆராதனை முறைமைத் தாளில் ஒரு வரியில் அச்சிட்டுவிடுவது நல்லது. முதியவர்களும் குழந்தைகளும் திடுக்கிடாதிருப்பார்கள். அது முடிந்ததும் ஆசீர்வாதம் கூறாமல், மணியும் அடிக்காமல், கதவுகளைத் திறந்துவிடலாம்.